பால் சுரக்காத செல்கள்

ஒரு மனிதரைக் கவிழ்க்க வேண்டும் என்று இரண்டு வருடம் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பல் தேய்க்கும்போது நினைத்தேன். பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்தேன். தீவன ஆலையில் தவிட்டைச் சலித்துக்கொண்டே நினைத்தேன். கடைசியில் கவிழ்த்தும் விட்டேன். அதற்காக நான் வருந்தவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் நான் மனம் திருந்துவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் பிறர் வயலில் நாற்று நட்டார்கள். அந்த வயல்கள் கம்பெனிகளாக மாறியபின் அதே ஆட்கள் கம்பெனி கேட்டுக்குள் போனார்கள். அம்மா ஒரு இரும்பு ரோலிங் மில்லில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்தாள். அப்பா லாரி லோடு ஏற்றப் போய், எனக்குப் பத்து வயதிருக்கும்போது எளாவூர் சோதனைச் சாவடி அருகே விபத்தில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு கறவை மாடுகளும் அம்மாவின் ஷிப்டும்தான் என்னைப் படிக்க வைத்தன. நான் உயிரித் தொழில்நுட்பம் படித்தேன். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக் கூடத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். பேராசிரியர் ஒருவரின் கீழ் நான்கு வருடம் வேலை பார்த்தேன். நான் கவிழ்த்தது அவரைத்தான்.

அந்த வேலையை நான் எவ்வளவு நேசித்தேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

பசுவின் மடி பால் நிரப்பிய பை அல்ல. வந்து போகும் ரத்தத்திலிருந்து வேண்டியதை எடுத்துப் பாலாக மாற்றும் கோடிக்கணக்கான செல்கள் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் ஒரு முகம் ரத்தக் குழாயைப் பார்த்திருக்கும். மறுமுகம் பால் சேரும் வெற்றிடத்தைப் பார்த்திருக்கும். ரத்தப் பக்கத்துச் சுவரில் சர்க்கரைக்கென்று வாசல்கள் உண்டு, புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்களுக்குத் தனி வாசல்கள் உண்டு. உள்ளே போன சர்க்கரை பால் சர்க்கரையாகி மறுபக்கம் இறங்கும்போது தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்பது பெரும்பாலும் அந்த இழுப்பைப் பொறுத்தது. இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாத்திரத்தில் நுரை ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவும் சற்றுமுன் ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

எங்கள் ஆய்வு இதுதான். ஒரு அமினோ அமிலக் கலவையைக் கொடுத்தால் அந்த வாசல்கள் அதிகம் திறக்குமா, பால் கூடுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு உயிருள்ள மடிச் செல்கள் வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் லோக்கல் ரயிலைப் பிடித்து, கசாப்புக் கூடத்துக்குப் போய், அப்போதுதான் அறுத்த பசுவின் மடியிலிருந்து ஒரு துண்டை வாங்கி, ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுவேன். துண்டு துண்டாக நறுக்கி, நொதியில் கரைத்து, செல்களைப் பிரித்தெடுத்து, நடுவில் மெல்லிய சவ்வு வைத்த சின்னக் கிண்ணத்தில் வளர்ப்பேன். ஒவ்வொரு வளர்ப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுப்பேன். சவ்வுக்குக் கீழே இருப்பது ரத்தப் பக்கம். மேலே இருப்பது பால் பக்கம். கீழே சர்க்கரையும் ஹார்மோனும் ஊற்றுவேன். எல்லாம் சரியாக அமைந்தால் சில நாட்களில் மேல் தண்ணீரில் பால் சர்க்கரையும் பால் புரதமும் தெரியும். மாடே இல்லாமல், விரல்நகம் அளவுக் கிண்ணத்தில் பால். முதல் தடவை அது தெரிந்தபோது அழுதுவிட்டேன். அந்த ஆய்வகத்தில் எனக்கு முன்னால் யாராலும் அதைச் செய்ய முடியவில்லை. பேராசிரியரே வந்து பார்த்து, "கை சுத்தமா இருக்கு உனக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையை ஒரு வருடம் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே கோபம் வருகிறது.

மடிச் செல்களைத் திரும்பத் திரும்பப் பிரித்து வளர்த்துக்கொண்டே போனால் ஒரு ஆபத்து உண்டு. திசுவோடு சேர்ந்து வந்த நார்ச் செல்கள் வேகமாகப் பெருகி, பால் செல்களை அமுக்கிவிடும். நல்ல பால் செல்கள் மைக்ராஸ்கோப்பில் கூழாங்கல் பாவியதுபோல நெருக்கமாகத் தெரியும். நார்ச் செல்கள் நீளமாக, கூர்மையாக, நீரோட்டத்தில் மீன் குஞ்சுகள் போவதுபோலத் தெரியும். நான்காம் வருடத்தில் என் கிண்ணங்களில் மீன் குஞ்சுகள்தான் அதிகம் தெரிந்தன. சோதித்துப் பார்த்தேன். கலவையைக் கொடுத்தால் சர்க்கரை முன்னைவிட வேகமாகச் செல்லுக்குள் போனது. ஆனால் மேல் பக்கம் பால் இல்லை, ஒரு துளி பால் புரதம்கூட இல்லை. அந்தச் செல்கள் சர்க்கரையைத் தங்களுக்காகத் தின்று பெருகிக்கொண்டிருந்தன.

பேராசிரியர் அதற்குள் கட்டுரை எழுத ஆரம்பித்திருந்தார். கலவை சர்க்கரை வாசலைத் திறக்கிறது, ஆகவே பால் கூடும் என்பது கட்டுரையின் சாரம். அதற்கு அவர் எடுத்த கணக்கு முழுவதும் இந்தக் கெட்ட செல்களின் கணக்கு. படம் மட்டும் நல்ல செல்களின் படம். நான் அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"சார், இந்த வரிசையெல்லாம் தூக்கிடணும் சார். இது பால் செல்லே இல்ல."

"சர்க்கரை உள்ள போகுதா இல்லையா?"

"போகுது சார். ஆனா பால் வரல."

"பால் வர்றதைப் பத்தி நான் எழுதவே இல்லையே. ஏன் குதிக்கிற?"

மறுநாள் வாராந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மறுபடியும் சொன்னேன். பத்துப் பேர் இருந்தார்கள். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க அம்மா கம்பெனியில பெருக்கறாங்கன்னு சொன்னல்ல? அதுல ஒண்ணும் தப்பில்ல. உங்க ஜனங்களுக்கு அது கைவந்த வேலை. நீயும் லேபைச் சுத்தமா வச்சுக்கோ, போதும். பாடம் எடுக்காதே."

ஒருவரும் நிமிரவில்லை. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நான் என் நோட்டை மூடினேன். அதன் ஓரம் என் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

இரண்டு மாதத்தில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அத்தோடு விட்டிருந்தால் நானும் அழுதுவிட்டு மறந்திருப்பேனோ என்னவோ. பணிச் சான்றாக அவர் ஒரு கடிதமும் கொடுத்தார். என் கவனக்குறைவால் செல் வளர்ப்புகள் கெட்டுப்போயின என்று அதில் எழுதியிருந்தது. குற்றச்சாட்டு கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, எந்தெந்த வரிசைகள் கெட்டன என்று எண்களையும் வரிசையாகக் குறிப்பிட்டிருந்தார். அந்தக் கடிதத்தோடு நான் போய் நின்ற எந்த ஆய்வகமும் என்னை எடுக்கவில்லை. கட்டுரை வெளிவந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். கட்டுரை எழுதியவரிடம் விசாரித்தோம், ஆவணங்கள் சரியாக இருப்பதாகச் சொன்னார் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அம்மாவிடம் வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். பேராசிரியர் சொன்ன வார்த்தையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு மாட்டுத் தீவன ஆலையில் வேலை கிடைத்தது. வருகிற மக்காச்சோளத்தில் பூஞ்சை இருக்கிறதா, புண்ணாக்கில் மண் கலந்திருக்கிறதா, மூட்டையில் புரதம் எவ்வளவு என்று பார்க்கிற வேலை. பக்கத்திலேயே பெண்கள் விடுதியில் தங்கினேன். சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன். முதலாளி பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். முன்கோபி, ஆனால் கெட்டவர் இல்லை. என் ரிப்போர்ட் சரியில்லை என்றால் லாரியையே திருப்பி அனுப்புவார். அந்த ஒரு விஷயத்துக்காக அவரை மதித்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலை, நாஷ்டா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு வெள்ளைப் பவுடர் பாக்கெட் இருந்தது.

"இன்னாம்மா, இத்த பாரு. மடிக்கின்னே கண்டுபுடிச்சதாம். செல்லுக்குள்ள பூந்து பால் கதவத் தொறக்குதாம். பெரிய புரொபசரு. நம்ம தீவனத்துல கலந்து வுடப் போறோம். நீதான் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுக்கணும்."

பாக்கெட்டோடு வந்த தாளைப் பார்த்தேன். அவர் பெயர். கீழே கூழாங்கல் பாவியதுபோல ஒரு படம். படத்தின் மூலையில் பொடி எழுத்தில் வரிசை எண். அந்த எண் முறையை ஏற்படுத்தியவள் நான். எந்தப் பசு, எத்தனையாவது முறை பிரித்தது என்று நான் வைத்த அடையாளம் அது. படத்துக்குப் பக்கத்தில் சர்க்கரை ஏறுவதைக் காட்டும் வரைபடம். அதற்கடியில் வேறு எண்கள். அந்த எண்களை நான் மனப்பாடமாக அறிவேன். எனக்குக் கொடுத்த கடிதத்தில் கெட்டுப்போனதாக எழுதியிருந்த அதே எண்கள். அச்சான கட்டுரையில் அவர் எண்களைக் காட்டியிருக்கவில்லை.

அந்த நிமிடமே முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். நல்லவளாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் ஒரு போன் போட்டு ஒப்பந்தத்தை ரத்து செய்திருப்பார். பேராசிரியரும் இந்த முதலாளி போனால் வேறொரு முதலாளி என்று போயிருப்பார். எனக்கு அது போதாது. என்னைப் பத்துப் பேர் முன்னால் உட்கார வைத்தார் அல்லவா, அவரை நூறு பேர் முன்னால் நிற்க வைக்க வேண்டும்.

"சார், சும்மா ரிப்போர்ட் குடுத்தா யாரு நம்புவாங்க?" என்றேன். "நம்ம பக்கத்து மாட்டுக்கே குடுத்துப் பார்ப்போம். பாதி மாட்டுக்குப் பவுடர் கலந்த தீவனம், பாதி மாட்டுக்குக் கலக்காதது. எது எதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. மூட்டையில வெறும் சிவப்பு நூல், நீல நூல் கட்டுவோம். எந்த நூல் எதுங்கிறதை நீங்க மட்டும் எழுதிக் கவர்ல போட்டு ஒட்டி வச்சுக்கங்க. கடைசியில கூட்டம் போட்டு, புரொபசரை மேடையில வச்சு, எல்லார் முன்னாலயும் பிரிங்க."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அடேங்கப்பா. விளம்பரத்துக்கு விளம்பரமும் ஆச்சு." பேராசிரியருக்கு உடனே போன் போட்டார். அவரும் சம்மதித்தார். ஆலையில் அளப்பது யார் என்று அவர் கேட்கவில்லை. அளப்பவர்களின் பெயரைக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாகப் பன்னிரண்டு மாடுகளைத் தேர்ந்தெடுத்தேன். கன்று ஈன்று ஏறக்குறைய ஒரே காலமான மாடுகள். வீட்டுப் பெண்களே காலையும் மாலையும் கறந்து அளந்து அட்டையில் எழுத வேண்டும். சனி, ஞாயிறு நானே வந்து பார்ப்பேன். மற்ற நாட்களில் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அம்மாவின் மாடு ஒன்று சிவப்பு நூலில் விழுந்தது. பெண்களில் பலர் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள். "இன்னாக்கா, மாட்டுக்கும் பரீட்ச வச்சிட்டியா?" என்று சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொருத்தியும் ஒரு வேளைகூட விடாமல் அளந்தாள்.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் சிவப்பு நூல் மாடுகள் கூடுதலாகக் கறக்க ஆரம்பித்தன. ஏதோ ஒரு மாடு என்றால் விட்டுவிடலாம். மூன்று மாடுகள் ஏறின. நான்காம் வாரமும் இறங்கவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கலவையில் இருக்கும் ஒரு அமிலத்துக்கு அவித்த முட்டைக்கோஸ் போல ஒரு வாடை உண்டு. மோந்து பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே போட்டிருந்த விதியை அன்று மீறினேன். சிவப்பு மூட்டையைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டேன். அதே வாடைதான். பவுடர் சிவப்பில்தான் இருந்தது. அப்படியென்றால் அவர் சொன்னதுதான் சரியா? கிண்ணத்தில் பொய்யாக இருந்தது மாட்டில் உண்மையாகிவிட்டதா? அவர் மேடையில் நின்று சிரிப்பதும், நான் கீழே நின்று கைதட்டுவதும் கண்ணுக்குள் ஓடின.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "நம்ம மாட்டுக்குத் தவிட்டைக் குறைச்சிடும்மா, ஒரு வாரத்துக்கு" என்றேன்.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். "இன்னாத்துக்கு?"

"சும்மாதான். பரீட்சைக்கு."

"பால் கொறயணுமா ஒனக்கு?"

நான் வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

"யார் மேலயோ கோவத்த வச்சிக்கினு எம் மாட்டப் பட்டினி போட சொல்றியா? அது இன்னாடி பண்ணிச்சு ஒன்ன? ஒன்னப் படிக்க வச்சிச்சு, அத்த தவிர?"

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாகப் போடுவதைவிட ஒரு கை தவிடு அதிகமாகவே அள்ளிப் போட்டாள், நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் அவர் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். இதைச் செய்யும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவர் அவர்தானே.

மறுநாள் பால் ஏறிய மூன்று மாடுகளின் வீடுகளுக்கும் போனேன். ஒரு வீட்டில் அந்த அக்கா பகல் பதினொரு மணிக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஷிப்டுக்குப் போகலையாக்கா?"

"எங்க? கம்பெனில பர்னஸ் ரிப்பேரு. இருவது நாளா லீவு. நாங்க மூணு பேரும் ஊட்லதான் கீறோம்."

"அப்ப மாட்டை யாரு பார்த்துக்கறா?"

"நாந்தான். வேலைக்குப் போறப்ப இருட்டுல அவசரமா கறந்துட்டு ஓடுவேன். அதுக்கப்பறம் சாய்ந்தரம் வந்துதான் தண்ணி காட்றது. இப்ப நேரா நேரத்துக்குத் தண்ணி, பில்லு எல்லாம் கீது. சும்மா சொல்லக் கூடாது, மாடு ஒடம்பு வச்சிருச்சு."

அந்த மூன்று பேரும் ஒரே கம்பெனி. மூன்று பேர் மாடும் சிவப்பு நூல். துவைகல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. "இன்னாம்மா சிரிக்கிற?" என்று அவளும் காரணம் தெரியாமல் சிரித்தாள். ஆறாம் வாரம் கம்பெனி திறந்தது. மூன்று மாடுகளும் பழைய அளவுக்கு இறங்கின. ஒவ்வொரு நாளையும், லீவு நாட்களையும் சேர்த்து, அப்படியே எழுதி வைத்தேன். ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. மோந்து பார்த்ததை மட்டும் எழுதவில்லை.

கூட்டம் கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாடு வைத்திருப்பவர்கள், தீவனக் கடைக்காரர்கள், பால் சொசைட்டி ஆட்கள் என்று மண்டபம் நிரம்பியிருந்தது. எங்கள் தெருப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். பேராசிரியர் வெள்ளைச் சட்டையில் மேடையேறி, திரையில் படங்களைப் போட்டு அரைமணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். செல், வாசல், ரத்தம், பால் எல்லாம் மாடு மேய்ப்பவருக்கும் புரியும்படி சொன்னார். அந்தச் சொற்களில் பாதி என்னுடையவை. நான் திரைக்குப் பக்கத்தில் கோப்போடு நின்றேன். பேசிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை தடுக்கியது. பிறகு சமாளித்துக்கொண்டார்.

முதலாளி என்னை மைக்குக்குக் கூப்பிட்டார். நான் சிவப்புக்கு எவ்வளவு, நீலத்துக்கு எவ்வளவு என்று வாரம் வாரமாகப் படித்தேன். கம்பெனி லீவையும் சொன்னேன். கடைசியில் இரண்டு நூலும் ஒரே அளவில் நின்றன. முதலாளி கவரைப் பிரித்தார். பார்த்தார். என்னைப் பார்த்தார். "சிவப்பு பவுடரு. நீலம் வெறுந் தீவனம்" என்று மெதுவாகப் படித்தார். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது.

பேராசிரியர் மைக்கை வாங்கிக்கொண்டார். "இது அறிவியல் இல்லைங்க. பன்னிரண்டு மாடு. படிக்காத பெண்கள் கறந்து, கைக்கு வந்த அளவை எழுதியிருக்காங்க. இதை வச்சு..."

முன்வரிசையிலிருந்து துவைகல் அக்கா எழுந்தாள். "இன்னா சார் படிக்காதவ? தெனம் சொசைட்டில ஊத்தறேன். நூறு மில்லி கொறஞ்சாலும் எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுமா?"

மண்டபம் சிரித்தது. அவர் முகம் இறுகியது. என்னைக் கைகாட்டினார்.

"இந்தப் பொண்ணு என் லேப்ல இருந்தவ. வேலை சரியில்லைன்னு அனுப்பினோம். இவ பொறுப்புல இருந்த செல்லெல்லாம் கெட்டுப்போச்சு. அந்த ஆத்திரத்துல இதைப் பண்ணியிருக்கா."

இரண்டு வருடமாக நான் காத்திருந்த வாக்கியம் அது. அதை அவரே சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"ஆமா சார்," என்றேன். என் குரல் எனக்கே நிதானமாகக் கேட்டது. "ஆத்திரம் உண்மைதான். செல் கெட்டுப்போச்சுன்னு நீங்களே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. எந்தெந்த வரிசைன்னு நம்பரும் எழுதினீங்க." கடிதத்தை எடுத்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். "இப்ப உங்க திரையில இருக்கிற வரைபடத்துக்குக் கீழே இருக்கிற நம்பரையும் படிங்க சார். ரெண்டும் ஒண்ணுதான். கெட்டுப்போன செல்லை வச்சா இந்தப் பவுடரைக் கண்டுபிடிச்சீங்க? இல்ல, செல் கெடவே இல்ல, கடிதம்தான் பொய்யா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். எண்கள் பெரிதாக, எல்லோரும் படிக்கும்படி நின்றன. முதலாளி எழுந்துபோய்த் திரைக்கருகில் நின்று, விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். என்னிடமிருந்த கடிதத்தை வாங்கி மறுபடி படித்தார். பேராசிரியர் தண்ணீர் கேட்டார். யாரும் உடனே எழவில்லை. அந்தச் சில வினாடிகளை நான் இன்னும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். உதடு காய்ந்து, ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலை. இனிப்பாக இருந்தது. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

கடிதத்தையும் அந்தத் தாளையும் சேர்த்துப் பத்திரிகைக்கு மறுபடி அனுப்பினேன்; இந்த முறை கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அவர் மேல் விசாரணை வைத்தார்கள். ஓய்வுபெறும் காலம் நெருங்கியிருந்ததால் பதவியை விட்டு ஒதுங்கிக்கொண்டார். ஜெயிலுக்குப் போகவில்லை, தெருவுக்கும் வரவில்லை. நான் கற்பனை செய்ததில் கால்வாசிகூட நடக்கவில்லை.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் மறுநாள் கூப்பிட்டு, "ஒனக்கு மொதல் நாளே தெரியும், இல்ல?" என்று கேட்டார். "தெரியும் சார்." "பை எல்லாம் அச்சடிச்சிட்டேன். ஊரக் கூட்டி மேடை போட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அந்தாளத் தொரத்தியிருப்பேன். என்ன வச்சி ஒன் சண்டையப் போட்டுக்கினியே." அவர் சொன்னது உண்மை. அதன் பிறகு என் ரிப்போர்ட்டை இன்னொருவரிடமும் காட்டித்தான் கையெழுத்துப் போடுகிறார்.

ஒரு பெண் போன் செய்தாள். எனக்குப் பின் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தவள். விசாரணையால் திட்டம் நின்று அவளுக்கும் வேலை போய்விட்டது. "உங்க பழிக்கு நான் ஏன்க்கா பலியாகணும்?" என்று அழுதாள்.  எங்கள் ஆலையில் இடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். உங்கள் தயவு வேண்டாம் என்று வைத்துவிட்டாள். அன்று பூராவும் மனசு சரியில்லை. ஆனாலும் மறுபடி அந்த மேடை கிடைத்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தெருவில் கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். மெலிந்திருந்தார். அம்மா கறந்துகொண்டிருந்தாள். நான் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உன்கிட்ட கொஞ்சம் பேசணும்மா" என்றார்.

"கறவை முடியட்டும் சார்."

நின்றார். எங்கள் வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் நாற்காலி போடுவாள், அடுத்தது ஒரு டம்ளர் பால். அன்று அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. நான்கு காம்பையும் ஒட்ட ஒட்டக் கறந்தாள். அவ்வளவு நேரமும் அவர் வெயிலில் நின்றார். எனக்கு அவசரமே இல்லை.

பிறகு ஒரு தாளை நீட்டினார். வரிசை எண்களைப் பதிந்ததில் குழப்பம் நேர்ந்திருக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தால், அவர் பெயரில் இருக்கும் களங்கம் கொஞ்சம் குறையுமாம். பதிலுக்கு எனக்கு ஒரு நல்ல கடிதம் தருவாராம். அதை வைத்து எந்த ஆய்வகத்திலும் சேரலாமாம்.

அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கூழாங்கல் பாவிய கிண்ணங்கள்தான் ஞாபகம் வந்தன. அவற்றை நான் மறுபடி பார்க்கவே இல்லை. இனிப் பார்ப்பேனா என்றும் தெரியவில்லை. ஒரு நொடி கை நீளத்தான் செய்தது.

"நம்பர்ல குழப்பமே இல்ல சார். நான் சரியாத்தான் எழுதினேன்" என்றேன்.

"இவ்வளவு வன்மம் ஆகாதும்மா."

"எனக்கு ஆகுது சார்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். தெரு குறுகல் என்பதால் திருப்ப முடியாமல் கார் பின்னோக்கியே போனது. பிள்ளைகள் சிலர் வேடிக்கை பார்த்தார்கள்.

அம்மா பாத்திரத்தை என்னிடம் கொடுத்தாள். "மேடைல நின்னானே, அந்தாளுதான?"

"ஆமா."

"மன்னிப்பு கேக்க வந்தானா?"

"இல்லம்மா."

"அப்ப இன்னாத்துக்கு இம்மாந் தூரம் வந்தான் பேஜாரு புடிச்சவன்?" என்றாள். பிறகு கன்றை அவிழ்த்துவிட்டு, "சீக்கிரம் கேன்ல ஊத்திக்கினு கெளம்பு. சொசைட்டி மூடிடுவான்" என்றாள். நான் பாலை வடிகட்டிக் கேனில் ஊற்றி, மூடியை அழுத்தி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினேன்.